ஹெபடைடிஸ் பி வைரஸில் 10 வகை: ஊருக்கு ஊர் மாறுவது ஏன்? நம்ம ஊரில் எது அதிகம்? சிகிச்சையில் என்ன வித்தியாசம்?

ரத்த தானம் கொடுக்கப் போன இடத்தில், கர்ப்பகாலப் பரிசோதனையில், வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல் செக்கப்பில்... பலருக்கு 'ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்' என்ற விஷயம் இப்படித்தான் தெரியவருகிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது.

ஆனால் 'ஹெபடைடிஸ் பி' என்று ஒரே பெயரில் சொன்னாலும், சென்னையில் ஒருவர் உடலில் இருக்கும் வைரஸும் ஜப்பானில் ஒருவர் உடலில் இருக்கும் வைரஸும் ஒன்றல்ல. இந்த வைரஸில் ஏ முதல் ஜே வரை 10 மரபணு வகைகள் உள்ளன. எந்த வயதில் நோய் முற்றும், புற்றுநோய் அபாயம் எவ்வளவு, எந்த மருந்து நன்றாகக் கேட்கும் என்பதில் இந்த வகைக்கும் பங்கு இருக்கிறது.

அந்த வகைகள் என்ன? எங்கிருந்து வந்தன? நமக்கு இதைத் தெரிந்து என்ன பயன்? விரிவாகப் பார்க்கலாம்.

ஹெபடைடிஸ் பி: ஒரு சின்ன அறிமுகம்

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் இது. ரத்தம் மூலமாகவும், உடலுறவு மூலமாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். ஒரே தட்டில் சாப்பிடுவது, கை குலுக்குவது, கட்டிப்பிடிப்பது, இருமல், தும்மல் ஆகியவற்றால் பரவாது.

எந்த வயதில் தொற்றுகிறது என்பதுதான் இதில் மிக முக்கியம். பெரியவர்களுக்குத் தொற்றினால் 100ல் 95 பேருக்கு மேல் சில மாதங்களில் தாங்களாகவே மீண்டுவிடுவார்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நிலைமை தலைகீழ். 10ல் 9 குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். பல பத்தாண்டுகள் கழித்து கல்லீரல் சுருக்கம், கல்லீரல் புற்றுநோய் என்று அது தலைகாட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022ல் உலகம் முழுக்க 25.4 கோடி பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தார்கள். அந்த ஒரு ஆண்டில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் உயிரிழந்தார்கள். இந்தியாவில் தொற்றுடன் இருப்பவர்கள் சுமார் 2.98 கோடி பேர். உலக அளவில் பார்த்தால், தொற்று இருக்கிறது என்பது தெரியவந்தவர்கள் 100ல் 13 பேர்தான். சிகிச்சை கிடைத்தவர்கள் 100ல் 3 பேர்தான்.

'மரபணு வகை' என்றால் என்ன?

எல்லா உயிருக்கும் இருப்பதுபோல இந்த வைரஸுக்கும் ஒரு மரபணுத் தொகுப்பு உண்டு. அது ரொம்பச் சின்னது. மனிதனின் மரபணுத் தொகுப்பு சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்டது என்றால், ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு வெறும் 3,200 எழுத்துகள்தான். ஒரு செய்திக் கட்டுரையை விடச் சிறியது.

இரண்டு வைரஸ்களை எடுத்து, இந்த 3,200 எழுத்துகளையும் வரிசையாக வைத்து ஒப்பிடுகிறார்கள். சுமார் 8 சதவீதம், அதாவது ஏறக்குறைய 250 எழுத்துகளோ அதற்கு மேலோ மாறியிருந்தால் இரண்டும் வேறு வேறு மரபணு வகை. சுமார் 4 முதல் 8 சதவீதம் வரை மாறியிருந்தால், ஒரே வகைக்குள் இருக்கும் துணை வகைகள். அவற்றை ஏ1, ஏ2 என்று எண் போட்டு அழைக்கிறார்கள்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 1988ல் இந்த 8 சதவீத அளவுகோலை முன்வைத்து, ஏ, பி, சி, டி என நான்கு வகைகளாகப் பிரித்தார்கள். இ, எஃப் 1994ல் சேர்ந்தன. ஜி 2000ல், எச் 2002ல். பிறகு ஐ, ஜே ஆகியவை முன்மொழியப்பட்டன.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். ஹெபடைடிஸ் ஏ, சி, டி, இ என்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. அவை வேறு வேறு வைரஸ்கள். ரிப்போர்ட்டில் 'ஹெபடைடிஸ் பி, டி வகை' என்று இருந்தால், அது ஹெபடைடிஸ் பி வைரஸின் ஒரு மரபணு வகை. ஹெபடைடிஸ் டி என்ற நோய் அல்ல.

எந்த வகை எங்கே இருக்கிறது?

* ஏ: ஏ1 துணை வகை கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும். ஏ2 வடக்கு ஐரோப்பா, வட அமெரிக்காவில்.
* பி, சி: சீனா, ஜப்பான், தைவான், வியட்நாம் உள்ளிட்ட கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளில். சி4 என்ற துணை வகை ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடம். பி6 ஆர்க்டிக் பகுதிப் பழங்குடி மக்களிடம்.
* டி: மத்தியதரைக் கடல் நாடுகள், மேற்கு ஆசியா, மத்திய ஆசியா, கிழக்கு ஐரோப்பா, இந்தியா.
* இ: மேற்கு ஆப்பிரிக்கா.
* எஃப்: தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கப் பூர்வகுடிகள். அலாஸ்காவிலும் உண்டு.
* ஜி: அமெரிக்கா, பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளில் அங்கங்கே. பெரும்பாலும் இன்னொரு வகையோடு சேர்ந்தே ஒருவர் உடலில் காணப்படும்.
* எச்: மெக்சிகோ, மத்திய அமெரிக்கா.
* ஐ: வியட்நாம், லாவோஸ், வடகிழக்கு இந்தியா.
* ஜே: போர்னியோ தீவில் வசித்திருந்த ஒரு ஜப்பானியரிடம் கண்டறியப்பட்டது.

ஒரே வைரஸ் இத்தனை விதமாக மாறியது எப்படி?

காரணம் வைரஸ் பெருகும் விதத்தில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி ஒரு டி.என்.ஏ. வைரஸ். ஆனால் அது நேரடியாக டி.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை நகல் எடுப்பதில்லை. முதலில் ஆர்.என்.ஏ. ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து மறுபடி டி.என்.ஏ.வை எழுதுகிறது. எச்.ஐ.வி. வைரஸிலும் இதே போன்ற ஒரு நொதிதான் இந்த வேலையைச் செய்கிறது. எழுதியதைச் சரிபார்த்துத் திருத்தும் பழக்கம் இந்த நொதிக்கு இல்லை. தொற்று தீவிரமாக இருக்கும் ஒருவர் உடலில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கோடி வைரஸ்கள் உருவாகின்றன. அப்போது எத்தனை எழுத்துப் பிழை வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் வைரஸ் கண்டபடி மாறிவிடாதா? மாறாது. அதற்கும் காரணம் இருக்கிறது. இந்த வைரஸில் நான்கு மரபணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. அதே எழுத்துகளை ஒரு விதமாகப் படித்தால் ஒரு புரதம், வேறு விதமாகப் படித்தால் இன்னொரு புரதம். நம்ம சிலேடைப் பாட்டு மாதிரி. சிலேடையில் ஒரு எழுத்தை மாற்றினால் இரண்டு பொருளும் கெட்டுவிடும் இல்லையா? இங்கேயும் அப்படித்தான். ஒரு இடத்தில் பிழை விழுந்தால் இரண்டு புரதங்கள் பாதிக்கப்படும். அதனால் பெரும்பாலான பிழைகள் நிலைப்பதில்லை. தாக்குப்பிடித்த மாற்றங்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, தனித்தனி வகைகள் ஆகிவிட்டன.

இன்னொரு வழியும் உண்டு. ஒருவர் உடலில் இரண்டு வகைகள் ஒன்றாக இருந்தால், அவை மரபணுத் துண்டுகளைக் கலந்துகொண்டு கலப்பு வகையாக உருவெடுக்கலாம். கிழக்கு ஆசியாவில் பரவலாக உள்ள பி வகை வைரஸ்களில் பெரும்பாலானவை, சி வகையிடமிருந்து ஒரு துண்டை வாங்கிக்கொண்டவை. ஜப்பானில் உள்ள பி1, ஆர்க்டிக் பகுதியின் பி6 ஆகியவற்றில் அந்தத் துண்டு கிடையாது.

தொடங்கிய இடமே மக்கள் வேறுபாடு குறித்த ஆய்வுதான்

இந்த வைரஸைத் தேடி யாரும் கிளம்பவில்லை என்பதுதான் ஆச்சரியம். பருக் ப்ளம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, உலகின் பல்வேறு மக்களிடையே ரத்தப் புரதங்கள் பரம்பரையாக எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்து வந்தார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடலில், மற்றவர்களின் புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடிகள் உருவாகியிருக்கும் என்பது அவர் கணக்கு. அப்படிப்பட்ட ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இருந்த ஏதோ ஒரு பொருளோடு வினைபுரிந்தது.

அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். 1965ல் அந்த ஆய்வு வெளியானது. முதலில் அது பரம்பரைப் புரதம் என்றும், ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையது என்றும் நினைத்தார்கள். பிறகுதான் அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்று தெரிந்தது. இன்று லேப்களில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' என்று எழுதிக் கொடுக்கும் டெஸ்ட், அந்தப் புரதத்தைத்தான் தேடுகிறது. ப்ளம்பர்க்குக்கு 1976ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூலை 28தான் உலக ஹெபடைடிஸ் தினம்.

எலும்பிலும் பல்லிலும் கிடைத்த பழைய வைரஸ்

இந்த வைரஸ் எவ்வளவு காலமாக மனிதனோடு இருக்கிறது? புதைகுழிகளில் கிடைத்த எலும்புகளும் பற்களும் இதற்குப் பதில் சொல்லியிருக்கின்றன.

2018ல் வெளியான இரண்டு ஆய்வுகள், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கிடைத்த பழங்கால மனித எச்சங்களிலிருந்து வைரஸின் மரபணுவை மீட்டெடுத்தன. ஜெர்மனியில் கிடைத்த ஒன்று சுமார் 7,000 ஆண்டுகள் பழையது. 2021ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் 137 பழங்கால வைரஸ் மரபணுத் தொகுப்புகளைச் சேர்த்தார்கள். அவற்றின் வயது 10,500 ஆண்டுகள் முதல் 400 ஆண்டுகள் வரை.

அந்த ஆய்வின் முடிவு இதுதான்: இப்போது நமக்குத் தெரிந்த எல்லா மனித வகைகளுக்கும் பொதுவான மூதாதை வைரஸ், சுமார் 20,000 முதல் 12,000 ஆண்டுகளுக்கு முன் இருந்திருக்க வேண்டும். மனிதர்கள் அமெரிக்கக் கண்டத்தில் குடியேறிப் பரவியதை ஒட்டிய காலம் அது. எஃப், எச் வகைகள் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நிற்பதும், அமெரிக்கப் பூர்வகுடிகளிடமே அதிகம் இருப்பதும் இதோடு பொருந்துகிறது.

ஐரோப்பாவில் முதல் விவசாயிகளோடு சேர்ந்து ஒரு கிளை பரவியது. அது பல ஆயிரம் ஆண்டுகள் கோலோச்சிவிட்டுப் பிறகு கிட்டத்தட்ட காணாமலே போனது. இன்றைய ஜி வகையில் மட்டும் அதன் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து தேவாலயம் ஒன்றில் 16ஆம் நூற்றாண்டுக் குழந்தை ஒன்றின் மம்மி இருக்கிறது. உடலில் இருந்த தடிப்புகளை வைத்து, அந்தக் குழந்தை பெரியம்மையால் இறந்தது என்றே முன்பு கருதினார்கள். 2018ல் மரபணுவைச் சோதித்தபோது பெரியம்மைக்கான தடயமே இல்லை. கிடைத்தது ஹெபடைடிஸ் பி, அதுவும் டி வகை. இன்று இத்தாலியில் பரவலாக இருப்பதும் அதே வகைதான்.

மேற்கு ஆப்பிரிக்காவின் புதிர்

வகைகளின் வரைபடம் வரலாற்றையும் சொல்லும். இதற்கு நல்ல உதாரணம் இ வகை.

மேற்கு ஆப்பிரிக்காவில் இ வகைதான் பரவலாக இருக்கிறது. அங்கிருந்து லட்சக்கணக்கானோர் அடிமைகளாக அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அப்படியென்றால் அவர்களின் சந்ததியினரிடம் இ வகை நிறைய இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் ஹைட்டி போன்ற நாடுகளில் சோதித்தால் ஏ வகைதான் அதிகம். இ வகை அபூர்வம்.

அது மட்டுமல்ல. அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் பரவியிருந்தும், இ வகை வைரஸ்களுக்குள் வேறுபாடு மிகக் குறைவு. பழைய வைரஸ் என்றால் வேறுபாடு கூடியிருக்கும். ஆகவே, அடிமை வணிகக் காலத்துக்குப் பிறகுதான் இ வகை அங்கே வேகமாகப் பரவியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 20ஆம் நூற்றாண்டில், ஊசியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்திய மருத்துவ முகாம்களும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்படுகிறது.

வகை மாறினால் நோயின் போக்கும் மாறுமா?

மாறும். மூன்று இடங்களைப் பார்த்தால் புரியும்.

தைவான்: இங்கே பி, சி இரண்டும் உள்ளன. ஒரே நாடு, ஒரே மாதிரியான சாப்பாடு, ஒரே மருத்துவ வசதி. ஆனாலும் ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பி வகையைவிட சி வகை உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் அதிகம் என்று தெரியவந்தது.

அலாஸ்கா: இங்கே பூர்வகுடி மக்களிடையே ஏ, பி, சி, டி, எஃப் என ஐந்து வகைகள் காணப்படுகின்றன. வைரஸ் தீவிரமாகப் பெருகும்போது ரத்தத்தில் 'இ ஆன்டிஜென்' என்ற புரதம் இருக்கும். மற்ற நான்கு வகைகளில் பாதிப் பேருக்கு 20 வயதுக்குள்ளேயே இது மறைந்துவிடுகிறது. சி வகையில் பாதிப் பேருக்கு மறைய 47 வயது தாண்டிவிடுகிறது. அதாவது வைரஸ் கல்லீரலில் பல பத்தாண்டுகள் கூடுதலாக ஆட்டம் போடுகிறது. எஃப் வகை உள்ளவர்களில் சிறு வயதிலேயே கல்லீரல் புற்றுநோய் வந்ததும் இங்கேதான் கவனிக்கப்பட்டது.

தெற்கு ஆப்பிரிக்கா: ஏ1 துணை வகை உள்ள இளைஞர்களுக்கு, கல்லீரல் சுருங்கும் முன்பே நேரடியாகப் புற்றுநோய் வருவது உண்டு. ஐரோப்பாவில் இருக்கும் ஏ2 வகையில் இந்தப் போக்கு இல்லை. இரண்டுமே 'ஏ' தான், ஆனால் குணம் வேறு.

இதனால்தான் கல்லீரல் புற்றுநோய்க்கான ஸ்கேன் பரிசோதனையை எப்போது தொடங்குவது என்பதும் மாறுகிறது. அமெரிக்கக் கல்லீரல் நிபுணர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலில், தொற்று உள்ள ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50 வயதிலிருந்தும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு அதைவிட இளம் வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் இருந்திருந்தால் வயதுக் கணக்குப் பார்க்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வகை மட்டுமே விதி அல்ல. வயது, வைரஸ் அளவு, மது, சர்க்கரை நோய், உணவில் கலக்கும் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின், எச்.ஐ.வி. போன்ற வேறு தொற்றுகள்... எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. மரபணு வகை என்பதும் வைரஸின் அடையாளம், மனிதனின் அடையாளம் அல்ல. ஒரு சமூகத்தில் ஒரு வகை அதிகம் இருப்பதற்கு, அந்த வைரஸ் அவர்களிடையே எப்போது, எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் காரணம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பரவும் விதத்திலும் வித்தியாசம்

சி வகை அதிகமுள்ள கிழக்கு ஆசியாவில் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதுதான் பெரிய பிரச்னையாக இருந்தது. இதற்கும் இ ஆன்டிஜெனுக்கும் தொடர்பு உண்டு. குழந்தை பெறும் வயதிலும் அது மறையாமல் இருப்பதால், பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு மிக அதிகமாக இருக்கும். ஆப்பிரிக்க நாடுகளில் பல பெண்களுக்கு அந்த வயதுக்குள் இ ஆன்டிஜென் மறைந்துவிடுகிறது. அங்கே சின்னஞ்சிறு குழந்தைகள் ஒருவரிடமிருந்து ஒருவர், காயங்கள் மூலமும் வீட்டு நெருக்கத்திலும் தொற்று பெறுவதே அதிகமாக இருந்தது.

இந்தியாவில் எந்த வகை?

இந்தியாவில் டி வகைதான் முதலிடம். அடுத்தது ஏ. தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களிலும் டி வகையே அதிகம். கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களுக்குப் போனால் சி வகையும் சேர்ந்துகொள்கிறது. அருணாச்சலப் பிரதேசத்தின் பழங்குடி மக்களிடம் அபூர்வமான ஐ வகையும் கண்டறியப்பட்டுள்ளது. மேற்கே மத்தியதரைக் கடல் பக்கத்து வகை, கிழக்கே சீனா பக்கத்து வகை, நடுவே ஆப்பிரிக்காவோடு உறவுள்ள ஏ1 என்று மூன்றும் சந்திக்கும் இடமாக இந்தியா இருக்கிறது.

டி வகையில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வைரஸ் மரபணுவில் 1896ஆவது இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினால், இ ஆன்டிஜென் உற்பத்தி நின்றுவிடும். ஆனால் வைரஸ் பெருகுவது நிற்காது. டி வகையில் இந்த மாற்றம் சகஜம். ஐரோப்பாவின் ஏ2 வகையில் அரிது. ஏனென்றால் அந்த வகையின் மரபணு மடிப்பில் இந்த எழுத்து மாறினால் பிடிமானம் தளர்ந்துவிடும்.

இது ஏன் முக்கியம்? 'இ ஆன்டிஜென் நெகட்டிவ்' என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும், "அப்பாடா, வைரஸ் அடங்கிடுச்சு" என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே வைரஸ் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் இந்த ஒரு டெஸ்ட்டோடு நிறுத்தாமல், வைரஸ் அளவைச் சொல்லும் டி.என்.ஏ. பரிசோதனை, கல்லீரல் நொதி பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுக்கச் சொல்கிறார்கள். ஒருமுறை நார்மல் என்று வந்தாலும், திரும்பவும் வரச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சிகிச்சையில் வகைக்கு என்ன வேலை?

இரண்டு விதமான சிகிச்சைகள் உள்ளன.

ஒன்று, இன்டர்ஃபெரான் ஊசி. வாரம் ஒருமுறை என்று சுமார் ஓராண்டு போட வேண்டும். ஏ, பி வகைகளுக்கு இது ஓரளவு நன்றாக வேலை செய்கிறது. சி, டி வகைகளுக்கு அவ்வளவு பலன் இல்லை. டி வகை அதிகமுள்ள நமக்கு இது முக்கியமான தகவல்.

இரண்டாவது, தினமும் சாப்பிடும் மாத்திரைகள். டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகியவை இதில் முக்கியமானவை. வைரஸ் எழுதும் நொதியையே இவை தடுப்பதால், எந்த வகையாக இருந்தாலும் வேலை செய்கின்றன. ஆனால் வைரஸ் தன் மரபணுவின் ஒரு பிரதியை கல்லீரல் செல்லின் கருவுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. மாத்திரையால் அதை எடுக்க முடியாது. அதனால் பலருக்கு நீண்ட காலம், சிலருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை தேவைப்படும். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மீண்டும் சீறி எழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்திய அரசின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28ல் தொடங்கப்பட்டது. இதன் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன.

தடுப்பூசி எல்லா வகைக்கும் வேலை செய்யுமா?

செய்யும். தற்போது பரவலாகப் போடப்படும் தடுப்பூசிகளில் பெரும்பாலானவை ஏ2 வகையின் மேலுறைப் புரதத்தை ஈஸ்டில் வளர்த்துத் தயாரிக்கப்பட்டவை. ஆனால் அந்தப் புரதத்தில் நம் எதிர்ப்பு சக்தி அடையாளம் காணும் முக்கியப் பகுதி, எல்லா வகைகளிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது. அந்தப் பகுதியில் மாற்றம் ஏற்பட்ட வைரஸ் 1990ல் இத்தாலியில், தடுப்பூசி போட்ட ஒரு குழந்தையிடம் கண்டறியப்பட்டது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட வைரஸ்கள் பரவலாகத் தலையெடுக்கவில்லை.

நடைமுறை அனுபவமும் இதையே சொல்கிறது. பி, சி வகைகள் நிறைந்த தைவான், 1984ல் பிறந்த குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. குழந்தைகளிடையே சுமார் 10 சதவீதமாக இருந்த தொற்று, பிறகு 1 சதவீதத்துக்கும் கீழே போனது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோயும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எஃப் வகையால் அவதிப்பட்ட அலாஸ்காவிலும் தடுப்பூசிக்குப் பிறகு குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோய் இல்லாமலே போனது.

இந்தியாவில் 2002-03ல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, 2011ல் நாடு முழுவதும் இந்தத் தடுப்பூசி விரிவுபடுத்தப்பட்டது. ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி, 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் முதலில் வந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு டோஸ், பிறகு 6, 10, 14ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் என்பது இப்போதைய அட்டவணை. அந்த முதல் 24 மணி நேர டோஸ்தான் உயிர்நாடி. தாயிடமிருந்து வரும் தொற்றைத் தடுப்பது அதுதான்.

கீழாநெல்லி சாப்பிட்டால் சரியாகுமா?

நம்ம ஊரில் தவறாமல் வரும் கேள்வி இது. இதற்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு அறிவியல் கதை உண்டு. 1988ல் சென்னை ஆய்வாளர்கள், அதே நோபல் விஞ்ஞானி ப்ளம்பர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி கொடுக்கப்பட்ட பலருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்ததாக 'தி லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு நாடுகளில் நடந்த அடுத்தடுத்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரைக்கு மாற்றாக அதை நம்பியிருக்க முடியாது.

நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விகள்

எனக்குத் தொற்று இருக்கிறது. மரபணு வகை டெஸ்ட் கண்டிப்பாக எடுக்கணுமா?
பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. மாத்திரை எல்லா வகைக்கும் கேட்கும். இன்டர்ஃபெரான் ஊசி பற்றி யோசிக்கும்போது டாக்டர் இதைக் கேட்கலாம். வைரஸ் அளவு, கல்லீரல் நொதி, ஸ்கேன் ஆகியவைதான் முதலில் முக்கியம்.

கர்ப்பமாக இருக்கிறேன், பாசிட்டிவ் வந்திருக்கிறது. குழந்தைக்கு வந்துவிடுமா?
தடுக்க முடியும். வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால், கர்ப்பகாலத்தில் டெனோஃபோவிர் தருவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பிறந்த உடனே குழந்தைக்குத் தடுப்பூசியும், அதோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடப்படும். பிரசவ மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் என்ன செய்யணும்?
கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். நெகட்டிவ் என்றால் தடுப்பூசி. ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைப் பகிர வேண்டாம். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையே இல்லை.

எனக்கு 30 வயதாகிறது. தடுப்பூசி போட்டேனா என்று தெரியாது?
2011க்கு முன் பிறந்த பலருக்கு அரசுத் திட்டத்தில் இந்தத் தடுப்பூசி கிடைத்திருக்காது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எந்த வயதிலும் போட்டுக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

ஏ முதல் ஜே வரை எந்த வகையாக இருந்தாலும் கண்டுபிடிக்க ஒரே முதல் டெஸ்ட், தடுக்க ஒரே தடுப்பூசி, கட்டுப்படுத்த ஒரே மாதிரியான மாத்திரை. வகைகள் மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை: தொற்று இருப்பது தெரியாமலே இருப்பவர்கள்தான் அதிகம். இதுவரை ஒருமுறைகூட எடுக்காதவர்கள், அடுத்த தடவை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது எச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.